பென்சில் ஓவியர் - மை ஓவியர் கூட்டுப்பணி

பென்சில் ஓவியர் - மை ஓவியர் கூட்டுப்பணி என்பது அமெரிக்க வரைகதை இதழ்களில் ஒரே ஓவியத்தை இரண்டு கலைஞர்கள் அடுத்தடுத்து வரைந்து முடிக்கும் முறையாகும். முதலாமவர் கதையைக் கட்டங்களாகப் பிரித்துப் பென்சிலால் வரைகிறார். இரண்டாமவர் அதே தாளின் மீது தூரிகையாலும் பேனாவாலும் கரிய மை தீட்டி, அச்சிடத்தக்க இறுதி வடிவத்தைத் தருகிறார். ஆங்கிலத்தில் முன்னவர் பென்சிலர் என்றும் பின்னவர் இங்க்கர் என்றும் அழைக்கப்படுகின்றனர்.

மை தீட்டுதல் என்பது பென்சில் கோட்டின் மீது மையால் மீண்டும் ஒரு கோடு இழுப்பது மட்டுமே என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பென்சில் கோடு சாம்பல் நிறத்தில் பல அழுத்தங்களைக் கொண்டது. அச்சுக்குச் செல்லும் கோடு ஒன்று கருப்பாக இருக்கவேண்டும், அல்லது இல்லாமலே இருக்கவேண்டும். இந்த மாற்றத்தின்போது எந்தக் கோடு தடிக்க வேண்டும், எது மெலிய வேண்டும், எந்தப் பகுதி முழுக் கருமையாக வேண்டும் என்பவற்றை மை ஓவியரே முடிவு செய்கிறார். எனவே வாசகர் இதழில் காணும் ஒவ்வொரு கோடும் மை ஓவியரின் கையால் இடப்பட்டதாகும்.

பணிப் பிரிவினைக்கான காரணங்கள்

இம்முறை தோன்றியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது அச்சுத் தொழில்நுட்பம். 20 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க வரைகதைகள் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சிடப்பட்டன. மூல ஓவியத்தை ஒளிப்படம் எடுத்து அதிலிருந்து லைன் பிளாக் செய்யப்பட்டது. லைன் பிளாக்கில் சாம்பல் நிறம் என்பது கிடையாது. மை படும் இடம், மை படாத இடம் என்ற இரண்டு மட்டுமே உண்டு. மெல்லிய பென்சில் கோடுகள் ஒளிப்படத்தில் விட்டுப்போகும் அல்லது திட்டுத்திட்டாகத் தெரியும். ஆகவே பென்சில் ஓவியத்தை அப்படியே அச்சிட இயலவில்லை.

இரண்டாவது காரணம் காலக் கெடு. வரைகதை இதழ்கள் பெரும்பாலும் மாத இதழ்கள். ஒரே ஓவியர் பென்சிலும் மையும் செய்தால் ஓர் இதழை உரிய நாளில் முடிப்பது கடினம். பணியைப் பிரித்தால், பென்சில் ஓவியர் அடுத்த பக்கங்களை வரையும் வேளையில் முந்தைய பக்கங்கள் மை ஓவியரிடம் இருக்கும். கணினி அறிவியலில் குழாய்வழிச் செயலாக்கம் எனப்படும் முறையுடன் இதனை ஒப்பிடலாம். அந்த முறையில் உள்ள குறை இதிலும் உண்டு. முன்நிலையில் ஏற்படும் தாமதம் முழுவதும் பின்நிலையில் உள்ளவரின் தலையில் விழும். எழுத்தாளரும் பென்சில் ஓவியரும் இழந்த நாட்களை ஈடுகட்ட வேண்டிய பொறுப்பு மை ஓவியருடையதாகவே இருந்துவந்துள்ளது.

வரலாறு

1930களின் பிற்பகுதியில் நியூயார்க் நகரில் வரைகதைகளை மொத்தமாகத் தயாரித்துப் பதிப்பாளர்களுக்கு விற்கும் பணிக்கூடங்கள் தோன்றின. வில் ஐஸ்னரும் ஜெர்ரி ஐகரும் 1936 இல் தொடங்கிய பணிக்கூடம் இவற்றுள் புகழ்பெற்றது. இங்கு ஒருவர் முதன்மைப் பாத்திரங்களையும், மற்றொருவர் பின்னணியையும், வேறொருவர் எழுத்துகளையும் வரைந்தனர். தொழிற்சாலையில் பொருள் நகர்வது போலப் பக்கங்கள் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்ந்தன. பேட்மேன் பாத்திரம் 1939 இல் அறிமுகமானபோது, அதன் ஓவியர் பாப் கேன் 17 வயதே ஆன ஜெர்ரி ராபின்சனை மை தீட்டவும் எழுத்து வரையவும் உதவியாளராக அமர்த்திக்கொண்டார். ராபின்சன் பின்னர் அந்தத் தொடரின் முக்கியக் கலைஞர்களுள் ஒருவரானார்.

அக்காலத்தில் மை ஓவியரின் பெயர் இதழில் அச்சிடப்படுவது அரிது. 1961 இல் வெளிவந்த ஃபண்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழில்கூட மை ஓவியரின் பெயர் இல்லை. கோடுகளின் போக்கை ஆராய்ந்த வரைகதை வரலாற்றாளர்கள் அது ஜார்ஜ் கிளைனின் பணி என்று கருதுகின்றனர்.

1960களில் மார்வெல் நிறுவனத்தின் ஆசிரியர் ஸ்டான் லீ, கதையின் முதல் பக்கத்திலேயே எழுத்தாளர், பென்சில் ஓவியர், மை ஓவியர், எழுத்து வரைபவர் ஆகியோரின் பெயர்களைத் தொடர்ந்து அச்சிடத் தொடங்கினார். இதனால் மை ஓவியர்களுக்கும் தனி ரசிகர்கள் உருவாயினர். அதே காலத்தில் போட்டி நிறுவனமான டிசியிலும் பணிபுரிந்த சிலர், அங்கு வாய்ப்பு பறிபோகுமோ என அஞ்சி, மார்வெலில் புனைபெயரில் மை தீட்டினர். ஃபிராங்க் ஜியாகோயா 'ஃபிராங்க் ரே' என்றும், மைக் எஸ்போசிட்டோ 'மிக்கி டெமியோ' என்றும், ஜார்ஜ் ரூசோஸ் 'ஜார்ஜ் பெல்' என்றும் அச்சில் தோன்றினர்.

பணிமுறை

மார்வெல் முறை எனப்படும் வழக்கில் ஒரு பக்கம் கீழ்க்காணும் வரிசையில் உருவாகும்.

1. எழுத்தாளர் கதைச்சுருக்கத்தைத் தருகிறார். (முழு எழுத்துப்படி முறையில் உரையாடல்களும் இந்நிலையிலேயே தரப்படும்.)
2. பென்சில் ஓவியர் பக்கங்களைக் கட்டங்களாகப் பிரித்து வரைகிறார்.
3. எழுத்தாளர் வரைந்த பக்கங்களைப் பார்த்து உரையாடலை எழுதுகிறார்.
4. எழுத்து வரைபவர் பேச்சுக் குமிழ்களையும் எழுத்துகளையும் அதே தாளில் மையால் இடுகிறார்.
5. மை ஓவியர் மை தீட்டி, காய்ந்த பின் பென்சில் கோடுகளை அழிக்கிறார்.
6. நிறம் அமைப்பவர் நிறங்களைக் குறிக்கிறார்.
7. பக்கங்கள் அச்சகத்துக்குச் செல்கின்றன.

ஐந்தாம் நிலையில் பென்சில் கோடுகள் அழிக்கப்படுவது முக்கியமானது. படி எடுத்து வைக்காவிட்டால், பென்சில் ஓவியர் உண்மையில் என்ன வரைந்தார் என்பதை அதன்பின் எவரும் அறிய முடியாது.

மூலப் பக்கங்கள் பிரிஸ்டல் அட்டையில் வரையப்படுகின்றன. 1960களின் பிற்பகுதி வரை மூல ஓவியம் அச்சு அளவைப் போல் ஏறத்தாழ இருமடங்கு பெரிதாக இருந்தது. அதன்பின் 11 அங்குல அகலமும் 17 அங்குல உயரமும் கொண்ட அட்டையில், 10 x 15 அங்குலப் பரப்புக்குள் வரைவது வழக்கமாயிற்று. தாள் சிறுத்ததால் மை ஓவியர்கள் நுண்ணிய கோடுகளை இடுவது முன்பைவிடக் கடினமாயிற்று.

பென்சில் வரைவின் வகைகள்

பென்சில் ஓவியர் எவ்வளவு முடித்துத் தருகிறார் என்பதைப் பொறுத்து மை ஓவியரின் பங்கு மாறுபடும்.

முழு வரைவு: ஒளி, நிழல், துணி மடிப்பு, பின்னணி அனைத்தும் வரையப்பட்டிருக்கும். முழுக் கருமை வேண்டிய இடங்களில் சிறிய பெருக்கல் குறி இடப்படும். மை ஓவியர் அந்த இடங்களை நிரப்புவார்.

எல்லைக்கோட்டு வரைவு: உருவங்களின் எல்லைக்கோடுகள் மட்டும் இருக்கும். கருமையும் நிழலும் மை ஓவியரின் பொறுப்பு.

அமைப்பு வரைவு: கட்டங்களின் அமைப்பும் உருவங்களின் நிலையும் மட்டுமே கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கும். இதனை நிறைவு செய்பவர் பாதி பென்சில் ஓவியராகவும் பணியாற்ற வேண்டியுள்ளது. எனவே இவரை மை ஓவியர் எனக் குறிப்பிடாமல் நிறைவு ஓவியர் எனக் குறிப்பிடுவது உண்டு.

கருவிகளும் நுட்பங்களும்

மரபான மை ஓவியர்களின் முதன்மைக் கருவி மென்மயிர்த் தூரிகையாகும். வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தின் 7 ஆம் வரிசைத் தூரிகைகள் இத்துறையில் பெரிதும் விரும்பப்படுபவை. ஒரே வீச்சில் மயிரிழை போல் தொடங்கித் தடித்து மீண்டும் மெலியும் கோட்டைத் தூரிகை தரும். மையில் தொட்டு எழுதும் நிப் பேனா கூர்மையான, விறைப்பான கோட்டைத் தரும். ஹன்ட் 102 வகை நிப் இதற்குப் புகழ்பெற்றது. கட்டடங்கள், இயந்திரங்கள் போன்றவற்றுக்குப் பொறியியல் வரைபடப் பேனாக்களும் வளைவு அளவிகளும் பயன்படுகின்றன. பிழைகள் வெள்ளை வண்ணத்தால் மறைக்கப்படும்.

முக்கிய நுட்பங்கள் வருமாறு:

கோட்டுத் தடிமன்: முன்னால் உள்ள பொருள்களுக்குத் தடித்த கோடும் தொலைவில் உள்ளவற்றுக்கு மெல்லிய கோடும் இட்டு ஆழம் காட்டப்படுகிறது. ஓர் உருவத்திலேயே வெளிச்சம் படும் பக்கம் கோடு மெலிந்தும் நிழல் பக்கம் தடித்தும் இருக்கும்.

இறகுக் கோடுகள்: கருமையிலிருந்து வெண்மைக்குக் கூர்ந்து செல்லும் அடுத்தடுத்த கோடுகள். சாம்பல் நிறம் இல்லாத அச்சில் உருண்டைத் தன்மையைக் காட்ட இவை உதவுகின்றன.

குறுக்குக் கோடுகள்: ஒன்றையொன்று வெட்டும் கோட்டுத் தொகுதிகள். நெருக்கத்தைப் பொறுத்து நிழலின் அடர்த்தி மாறும்.

கருமை இடுதல்: பக்கத்தில் முழுக் கருப்புப் பகுதிகளை ஓர் ஒழுங்குடன் அமைத்தல். இது வாசகரின் பார்வையை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு இட்டுச்செல்கிறது.

ஜாக் கிர்பியும் அவருடைய மை ஓவியர்களும்

மை ஓவியரின் தாக்கத்தை அறிய ஜாக் கிர்பியின் (1917-1994) பக்கங்கள் சிறந்த எடுத்துக்காட்டாகும். கிர்பி மிக விரைவாகப் பென்சிலில் வரைந்தவர். 1960களில் அவர் தம் பக்கங்களுக்குத் தாமே மை தீட்டுவது மிக அரிது. ஆகவே ஒரே ஓவியரின் வரைவு பல கைகளில் எவ்வாறு மாறுகிறது என்பதை அவருடைய இதழ்களில் காணலாம்.

1950களின் இறுதியில் வாலி வுட், கிர்பியின் ஸ்கை மாஸ்டர்ஸ் நாளிதழ்த் தொடருக்கு மை தீட்டினார். விண்வெளி உடைகளிலும் கருவிகளிலும் ஒளி பட்டுத் தெறிப்பதுபோல் காட்டுவதில் வுட் வல்லவர். மார்வெலில் டிக் ஏயர்சின் கோடு முரட்டுத்தன்மை வாய்ந்தது. சிக் ஸ்டோன் தடித்த எல்லைக்கோடுகளுக்குப் பெயர்பெற்றவர்.

ஜோ சின்னொட் (1926-2020) 1962 இல் ஃபண்டாஸ்டிக் ஃபோர் 5 ஆம் இதழுக்கு மை தீட்டினார். டாக்டர் டூம் என்னும் வில்லன் அறிமுகமான இதழ் அது. பின்னர் 1965 இல் 44 ஆம் இதழிலிருந்து அத்தொடரின் நிலையான மை ஓவியரானார். இயந்திரங்களின் பளபளப்பையும் முகங்களின் தெளிவையும் சீரான கோடுகளால் அவர் வெளிப்படுத்தினார். கிர்பி 1970 இல் மார்வெலை விட்டு விலகிய பின்னும் சின்னொட் அத்தொடரில் நெடுங்காலம் பணிபுரிந்தார். அதனால் பென்சில் ஓவியர்கள் மாறியபோதும் தொடரின் தோற்றம் பெரிதும் மாறாமல் இருந்தது.

வின்ஸ் கொலெட்டா (1923-1991) 1965 முதல் ஜர்னி இன்டு மிஸ்டரி இதழில் தோர் கதைகளுக்கு மை தீட்டினார். இவ்விதழ் 1966 இல் தோர் எனப் பெயர் மாற்றப்பட்டது. அவருடைய மெல்லிய நிப் கோடுகள் பழங்கால மரச்செதுக்கு ஓவியங்களை நினைவூட்டி, நோர்சு தொன்மக் கதைகளுக்குப் பொருந்தின எனச் சிலர் பாராட்டுகின்றனர். ஆனால் கிர்பியின் பென்சில் பக்கங்களின் எஞ்சிய ஒளிநகல்களை அச்சான பக்கங்களுடன் ஒப்பிடும்போது, பின்னணியில் இருந்த மனிதர்களும் கட்டட விவரங்களும் பல இடங்களில் அழிக்கப்பட்டிருப்பது தெரிகிறது. சில இடங்களில் முழு உருவங்கள் வெறும் நிழலுருவங்களாக மாற்றப்பட்டுள்ளன. கொலெட்டா கெடு தவறாதவர், மற்றவர்களால் தாமதமான இதழ்களை ஓரிரு நாட்களில் முடித்து அச்சகத்துக்கு அனுப்பியவர் என்பது அவர் தரப்பு வாதமாகும். இதழ் குறித்த நாளில் வெளிவராவிட்டால் பதிப்பாளருக்கு இழப்பு ஏற்படும். விரைந்து முடித்தால் ஓவியருக்கு இழப்பு ஏற்படும். இவ்விரண்டில் எதைக் காப்பது என்னும் கேள்வி இத்துறையில் இன்றும் விவாதிக்கப்படுகிறது.

கிர்பி 1970 இல் டிசி நிறுவனத்தில் சேர்ந்தபோதும் தொடக்க இதழ்களுக்குக் கொலெட்டாவே மை தீட்டினார். 1971 இல் அப்பணி மைக் ராயருக்கு மாறியது. ராயர் எழுத்து வரைதல், மை தீட்டுதல் இரண்டையும் செய்தார். பென்சிலில் உள்ளதைக் கூட்டாமலும் குறைக்காமலும் மைக்கு மாற்றுவதே அவருடைய கொள்கையாக இருந்தது. ஆயினும் சூப்பர்மேனின் முகம் கிர்பியின் பாணியில் இருப்பதை டிசி நிறுவனம் விரும்பவில்லை. ஜிம்மி ஓல்சன் தொடரில் கிர்பி வரைந்த சூப்பர்மேன் முகங்கள் அல் பிளாஸ்டினோ, மர்ஃபி ஆண்டர்சன் ஆகியோரால் மாற்றி வரையப்பட்டன.

குறிப்பிடத்தக்க பிற இணைகள்

ராஸ் ஆண்ட்ரூ - மைக் எஸ்போசிட்டோ: பல பதின்மங்கள் நீடித்த இணை. வொண்டர் வுமன், ஸ்பைடர்மேன் தொடர்களில் பணிபுரிந்தனர்.

கர்ட் ஸ்வான் - மர்ஃபி ஆண்டர்சன்: 1970களின் தொடக்கத்தில் சூப்பர்மேனுக்குச் செம்மையான தோற்றம் தந்தனர். இருவர் பெயரும் இணைந்து 'ஸ்வாண்டர்சன்' என்ற கூட்டுப்பெயர் வழங்கலாயிற்று.

நீல் ஆடம்ஸ் - டிக் ஜியோர்டானோ: பேட்மேன் கதைகளில் ஒளிப்படத்தை ஒத்த இயல்புத்தன்மையைக் கொண்டுவந்தனர். 1971 இல் கன்டினியூட்டி என்ற பணிக்கூடத்தையும் நிறுவினர். அங்கிருந்த இளம் ஓவியர்கள் குழுவாக மை தீட்டிய பக்கங்கள் 'க்ரஸ்டி பங்க்கர்ஸ்' என்ற பொதுப்பெயரில் வெளிவந்தன.

ஜீன் கோலன் - டாம் பால்மர்: கோலனின் பென்சில் வரைவு கோடுகளைவிடச் சாம்பல் நிறச் சாயல்களால் ஆனது. அதனை மைக்கு மாற்றுவது மிகக் கடினம் எனக் கருதப்பட்டது. 1972 முதல் 1979 வரை 70 இதழ்கள் வெளிவந்த டூம் ஆஃப் டிராகுலா தொடரின் பெரும்பகுதியில் பால்மர் தூரிகை, பேனா, ஒட்டுத்திரைப் புள்ளிகள் ஆகியவற்றைக் கலந்து அச்சாயல்களை மீட்டுத் தந்தார்.

ஜான் பர்ன் - டெரி ஆஸ்டின்: 1977 இல் எக்ஸ்-மென் 108 ஆம் இதழில் தொடங்கி 1981 இல் 143 ஆம் இதழ் வரை நீடித்தது. ஆஸ்டினின் கோடு நுண்ணியது, துல்லியமானது. பின்னணிகளில் சிறுசிறு விவரங்களைச் சேர்ப்பது அவர் வழக்கம்.

ஃபிராங்க் மில்லர் - கிளாஸ் ஜான்சன்: டேர்டெவில் தொடரில் 1979 இல் இணைந்தனர். மில்லர் எழுதும் பொறுப்பையும் ஏற்றபின் படிப்படியாக அமைப்பு வரைவை மட்டும் தர, மீதியை ஜான்சன் நிறைவு செய்தார். 1986 இல் வெளிவந்த தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ் இவர்கள் இணைந்து உருவாக்கியதாகும்.

ஜிம் லீ - ஸ்காட் வில்லியம்ஸ்: 1991 இல் வெளிவந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 80 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றுக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. லீயின் அடர்ந்த நுண்கோடுகளை வில்லியம்ஸ் நிப் பேனாவால் மைக்கு மாற்றினார்.

மதிப்பும் ஊதியமும்

மை ஓவியருக்குப் பக்கக் கணக்கில் ஊதியம் வழங்கப்படுகிறது. இது பொதுவாகப் பென்சில் ஓவியரின் ஊதியத்தைவிடக் குறைவாகும். 1970களில் பெரிய நிறுவனங்கள் மூலப் பக்கங்களைக் கலைஞர்களிடம் திருப்பித் தரத் தொடங்கின. அப்பக்கங்கள் பென்சில் ஓவியர், மை ஓவியர் இருவருக்கும் பங்கிடப்பட்டன. பெரும் பங்கு பென்சில் ஓவியருக்குச் சென்றது. மூலப் பக்கங்களைச் சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுப்பதால் இது பலருக்கு முக்கியமான வருவாயாக அமைந்தது.

1997 இல் வெளிவந்த சேசிங் ஏமி என்ற திரைப்படத்தில், ஒரு மை ஓவியரை ரசிகர் ஒருவர் 'படியெடுப்பவர்' என ஏளனம் செய்யும் காட்சி உள்ளது. நகைச்சுவைக் காட்சியே ஆயினும் அச்சொல் இத்துறையினரிடையே நிலைத்துவிட்டது. அதே 1997 இல் கேரி மார்ட்டின் எழுதிய மை தீட்டும் கலை பற்றிய கையேட்டை டார்க் ஹார்ஸ் நிறுவனம் வெளியிட்டது.

விருதுகளைப் பொறுத்தவரை, 1970களில் வழங்கப்பட்ட ஷசாம் விருதுகளில் மை ஓவியருக்குத் தனிப் பிரிவு இருந்தது. ஐஸ்னர் விருதுகளில் பென்சில் ஓவியரும் மை ஓவியரும் ஒரே பிரிவில் இணையாகக் கருதப்படுகின்றனர். மை ஓவியர்களுக்கென்றே இங்க்வெல் விருதுகள் 2008 இல் மை ஓவியர் பாப் ஆல்மண்டால் நிறுவப்பட்டன. அவற்றின் வாழ்நாள் சாதனை விருது ஜோ சின்னொட்டின் பெயரைத் தாங்கியுள்ளது.

கணினிக் காலம்

வருடிகளும் இணையமும் வந்தபின் பக்கங்களை அஞ்சலில் அனுப்பும் தேவை குறைந்தது. பென்சில் பக்கம் வருடப்பட்டுக் கோப்பாக அனுப்பப்படுகிறது. மை ஓவியர் அதனை வெளிர்நீல நிறத்தில் வெற்று அட்டையில் அச்சிட்டு, அதன் மேல் மை தீட்டுகிறார். முடிந்த பக்கத்தை வருடும்போது நீல நிறம் நீக்கப்பட்டுக் கருமை மட்டும் எஞ்சுகிறது. இம்முறையில் பென்சில் மூலம் அழிவதில்லை. ஒரே பக்கத்துக்கு இரண்டு மூலங்கள் கிடைக்கின்றன. கொலெட்டா பற்றி எழுந்தது போன்ற ஐயங்களுக்கு இனி விடை காண்பது எளிது.

அதே தொழில்நுட்பம் மை ஓவியரின் தேவையையும் குறைத்துள்ளது. 1984 இல் டிசி வெளியிட்ட நதானியேல் டஸ்க் தொடரில் ஜீன் கோலனின் பென்சில் வரைவு மை இல்லாமலே நிறமூட்டி அச்சிடப்பட்டது. 2001-2002 இல் மார்வெல் வெளியிட்ட ஆரிஜின் தொடரில் ஆண்டி கியூபர்ட்டின் பென்சில் வரைவின் மேல் ரிச்சர்ட் இசனோவ் கணினியில் நேரடியாக நிறம் தீட்டினார். கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் போன்ற மென்பொருள்களில் வரையும் ஓவியர்கள் பலர் பென்சில், மை ஆகிய இரு நிலைகளையும் தாமே செய்கின்றனர். எனினும் கெடு நெருக்கும் மாத இதழ்களில் இப்பணிப் பிரிவினை தொடர்கிறது.

பிற நாடுகளில்

பென்சிலும் மையும் இரு வேறு தொழில்களாகப் பிரிந்தது பெரும்பாலும் அமெரிக்க வழக்கமாகும். ஜப்பானிய மங்காவில் முதன்மை ஓவியரே முக்கியப் பாத்திரங்களுக்கு மை தீட்ட, உதவியாளர்கள் பின்னணியையும் கருமையையும் நிரப்புகின்றனர். பெல்ஜியத்தில் டின்டின் தொடரின் எர்ஜே 1950 இல் தம் பெயரிலேயே பணிக்கூடம் நிறுவி உதவியாளர்களுடன் பணிபுரிந்தார். பிரித்தானிய வார இதழ்களில் ஓவியர் ஒருவரோ ஒரு குடும்பமோ இரண்டு பணிகளையும் செய்வது வழக்கமாக இருந்தது. 1972 இல் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமான இரும்புக்கை மாயாவியை, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ தம் உடன்பிறந்தாரின் துணையுடன் வரைந்தார்.

இவற்றையும் பார்க்கவும்

வரைகதை
ஜாக் கிர்பி
மார்வெல் காமிக்ஸ்
மங்கா
முத்து காமிக்ஸ்